டவர்காரரும் பச்சைக் கட்டமும்

அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் டவர்காரர் என்று பெயர். இதுவரை அவர் எந்த டவரிலும் ஏறியதில்லை. வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றி, "மாப்ள, நீ ஏறேன்" என்று என்னைக் கூப்பிடுகிற ஆள். ஆனாலும் யார் வீட்டில் சிக்னல் போனாலும் அவரைத்தான் பிடிப்பார்கள். மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "சார், ஒரே ஒரு கோடுதான் காட்டுது" என்பார்கள். இவரும் ஒரு பெரிய டாக்டர் மாதிரி வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். எங்கே போய் எதைப் பார்ப்பார் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நான் தெருமுனையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பேசிக்கொண்டே இருக்கும்போது லைன் அறுந்தால் ஜனங்கள் டவரைச் சந்தேகப்படுவதில்லை, கையில் இருக்கிற போனைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நேரே என் கடைக்கு வருகிறார்கள். அந்த வகையில் மாமா எனக்குப் படியளக்கிற மகராசன். அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் நான் என்றைக்கோ ஷட்டரை இழுத்து மூடியிருப்பேன்.

அவர் வேலை என்னவென்று அவரே எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார், நான் கேட்காமலேயே. நீங்கள் பேசிக்கொண்டே பஸ்ஸில் போகிறீர்கள். ஒரு டவரின் எல்லை முடிந்து அடுத்ததன் எல்லை வருகிறது. முதல் டவர் உங்களை இரண்டாவதிடம், "இவரைக் கொஞ்சம் பாத்துக்கப்பா" என்று ஒப்படைக்க வேண்டும். எப்போது ஒப்படைப்பது என்பதை மாமா ஜன்னல் திறக்காத ஓர் அறையில், குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் வழியாக முடிவு செய்கிறார். அவசரப்பட்டு ஒப்படைத்தால் இரண்டு டவரும் உங்களை மாற்றி மாற்றிப் பந்தாடும், வேலை இல்லாத நாளில் அம்மாவும் அக்காவும் என்னைப் பந்தாடியது போல. தாமதித்தால் பழைய டவரின் குரல் எட்டாது, புதியது இன்னும் கை நீட்டியிருக்காது, பேச்சு நடுவிலேயே செத்துப்போகும். இதெல்லாம் சரியாக நடந்தாலும் வாங்கிக்கொள்கிற டவரில் இடம் இருக்க வேண்டும். ஒரு டவர் ஒரே சமயத்தில் இத்தனை பேரைத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் கையை விரித்துவிடும்.

"ஊரே நகந்துக்கிட்டு இருக்கு மாப்ள. ஒருத்தனையும் நடுவுல கைவிடாம கொண்டுபோய் சேக்கறதுதான் என் வேலை" என்பார். கேட்கும்போது எனக்கே கண்ணீர் வரும், அவ்வளவு பெரிய மனசு. வீட்டுக்கு வந்தால் கட்டின பெண்டாட்டி கேட்டதற்கு ஒரு பதில் சொல்லத் தெரியாது.

அக்கா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். மாமாவுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் ஷிப்ட். அவர் திரும்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை, அவருக்குச் செவ்வாய்க்கிழமை. இப்படி ஜாதகம் பார்த்துச் சேர்த்துவைத்தது போல ஒரு நேரப்பொருத்தம். ஆகவே கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் குடும்பம் நடத்துவதெல்லாம் சாயங்காலம் அவள் பஸ்ஸில் வீடு திரும்பும் நேரத்தில்தான். அவள் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து போன் போடுவாள். அவர் ஆபீஸ் மாடிப்படியில் டீயோடு நின்று பேசுவார். காஸ் தீர்ந்ததிலிருந்து கருக்கலைந்தது வரை எல்லாவற்றையும் அவர்கள் பேசியது அந்த பஸ்ஸுக்கும் அந்தப் படிக்கும் நடுவில்தான்.

அந்த ஆஸ்பத்திரி வேறோர் ஊரில் புதுக் கிளை திறந்தது. ராத்திரி ரயில் ஏறினால் மறுநாள் காலையில் போய்ச் சேருகிற தூரம். அங்கே பரிசோதனைக் கூடத்துக்கே அக்காவைத் தலைமையாகப் போடுவதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன், வரவில்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். மாமாவின் கம்பெனிக்கு அந்த ஊரிலும் ஆபீஸ் உண்டு, கேட்டால் மாற்றல் கொடுப்பார்கள்.

"ஒண்ணு, போகாதன்னு சொல்லட்டும். இல்ல, போ, நானும் மாத்தல் வாங்கிட்டு வரேன்னு சொல்லட்டும். ரெண்டுல எதுன்னாலும் எனக்கு சம்மதம்டா" என்று அக்கா என் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து புலம்பினாள். "எதையாவது சொல்லணும்ல?"

மாமா பிடி கொடுக்கவில்லை. பஸ்ஸில் அவள் சுற்றி வளைத்துப் பேச்சை எடுத்து, "அப்ப நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்று கேட்கிற நேரம் பார்த்து பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறும். லைன் அறுந்துவிடும். அக்கரைக்குப் போய் மறுபடி கூப்பிட்டால், "மீட்டிங் ஆரம்பிச்சிடுச்சு, அப்புறம் பேசலாம்" என்பார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, தினமும் இதே கூத்து. அவர்தான் வேண்டுமென்றே வைத்துவிடுகிறார் என்று அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவரோ போன்தான் கோளாறு என்றார். இந்த வருஷத்தில் அவளுக்கு இது மூன்றாவது போன். கழற்றிப் பார்த்தேன். என் கல்லாவைத் தவிர எல்லாவற்றுக்கும் அது நல்ல போன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தப் போனைத் திருப்பிக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். அபூர்வமாக இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும்" என்றாள் அக்கா.

"மொதல்ல உன் போன் என்னாச்சு?" என்றார் மாமா, என்னைப் பார்த்து.

"போன்ல ஒண்ணும் இல்ல மாமா. பாலத்துலதான் ஏதோ."

அவ்வளவுதான், மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்தார். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், அத்தனையும் பச்சை. பாலத்துக்கான கட்டத்தைத் தட்டிக் காட்டினார். "இந்த ஏரியாலயே இதுதான் பெஸ்ட். ஒப்படைக்கிறதுல தோல்வி, ஏறக்குறைய பூஜ்யம். இதுக்குத்தான் கம்பெனில எனக்குக் கண்ணாடி கடிகாரம் பரிசா கொடுத்தாங்க." அந்தக் கடிகாரம் டிவிக்கு மேலே ஓடாமல் நின்றுகொண்டிருந்தது.

அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பரிசோதனைக் கூடத்தில் எண்களோடு மாரடிக்கிறவள். "எத்தனை தடவை ஒப்படைக்கப் பாத்துச்சுன்னு எங்க இருக்கு?" என்றாள். மாமா காட்டினார். அவள் பக்கத்துக் கட்டத்தையும் பார்த்தாள். "எங்க பஸ் ஒண்ணுலயே இதைவிட ஜனம் அதிகமாச்சே. டெஸ்டே எடுக்காம நோயே இல்லன்னு எழுதற மாதிரி இருக்கு."

விஷயம் இதுதான். அக்கரை டவர் ஒரு பெரிய வணிக வளாகத்தை ஒட்டி நிற்கிறது. சாயங்காலம் அங்கே கூட்டம் அலைமோதும். பாலத்திலிருந்து வருகிறவர்களை அது அடிக்கடி 'இடமில்லை' என்று திருப்பிவிடும். திருப்பிவிட்டால் மாமாவின் கணக்கில் தோல்வி, கட்டம் சிவப்பு. அதனால் மாமா என்ன செய்தார்? கேட்டால்தானே இல்லை என்று சொல்வாய் என்று, கேட்பதையே தள்ளிப்போட்டுவிட்டார். அக்கரை டவரின் குரல் நன்றாக, மிக நன்றாக, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் கேட்கிற வரைக்கும் ஒப்படைக்க முயலாதே என்று அமைத்துவிட்டார். அதற்குள் பாதிப் பேரின் லைன் பாலத்து நடுவிலேயே அறுந்துபோகும். அது 'சிக்னல் பலவீனம்' என்ற தலைப்பில் டவர் நட்டவர்களின் கணக்கில் போய் விழும். தன் கட்டம் பச்சை, அடுத்தவன் கட்டம் சிவப்பு. இந்த ஏற்பாட்டுக்குத்தான் கடிகாரம். இத்தனைக்கும் மனிதர் ஏமாற்றுக்காரர் இல்லை. பச்சையைப் பார்த்துப் பார்த்து, பச்சை என்றால் ஜனங்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவரே மனதார நம்பிவிட்டார். தன் பெண்டாட்டி வருஷக்கணக்காக அறுந்துபோன அந்தப் பாதியில் இருக்கிறாள் என்று அவருக்கு உறைத்ததே அப்போதுதான்.

பிறகு ஒரு வேகம் வந்தது பாருங்கள், கல்யாணத்தன்றுகூட அவரிடம் நான் பார்க்காத வேகம். "வியாழக்கிழமைக்குள்ள சரி பண்ணிடறேன்" என்று அக்காவிடம் சொன்னார். "அப்புறம் நாம நிம்மதியா பேசலாம்."

அக்கா அவர் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். பாலமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. நடுவில் ஒரு தண்ணீர் ஜக்கு மட்டும் இருந்தது. எனக்கு அந்த ஜக்கை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. அவர் அதற்குள் லேப்டாப்போடு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஆபீசில் நடந்ததை வியாழக்கிழமை காலையில் அவரே கடைக்கு வந்து சொன்னார். முதலில், முன்கூட்டியே ஒப்படைக்கும்படி மாற்றியிருக்கிறார். அது மட்டும் போதாது, போய்ச் சேருகிற இடத்தில் கதவு திறக்க வேண்டுமே. அக்கரை டவரில் கொஞ்சம் இடத்தைப் பாலத்திலிருந்து பேசிக்கொண்டே வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிவைத்தார். அதன் பலன், வணிக வளாகத்தில் புதிதாக நம்பர் போடுகிற சிலருக்கு 'நெட்வொர்க் பிஸி' என்று வந்தது. வளாகத்துக்காரர்கள் கத்த, மேலதிகாரி இவரைக் கூப்பிட்டு லெப்ட் ரைட் வாங்கியிருக்கிறார். பச்சைக் கட்டம் சிவப்பாகிவிட்டது, இனி கடிகாரமும் கிடையாது, பதவி உயர்வும் கிடையாது என்று மிரட்டியிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"பேச ஆரம்பிக்காதவன் ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பேசிக்கலாம் சார், பாதில இருக்கறவன நடுவுல விடக்கூடாதுன்னு சொன்னேன்."

நிஜமாகச் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. மேலதிகாரி எதிரே 'குட்மார்னிங்' சொல்லவே நாக்கு குழறுகிற மனிதர் அவர். பெண்டாட்டிக்காக நின்றிருக்கிறார். அன்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், என் செலவில்.

அதே வியாழக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் உதிரிபாகங்கள் வாங்கும் வேலை இருந்தது. திரும்பும்போது அக்கா பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டேன். அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில், மடியில் பேட்டரிப் பை. போன் போட்டாள். மாமாவின் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு தெளிவு.

"இன்னிக்குக் கட் ஆகாது பாரு" என்றார், குழந்தை மாதிரி.

அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. பஸ் பாலத்தில் ஏறியது. ஆறு கீழே வந்தது. லைன் அறுபடவில்லை. பாலத்தின் நடுவுக்கு வந்தோம். திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டே இருந்தன, கோடுகள் முழுசாக நின்றன. அக்கா இத்தனை நாளும் பாதியில் நின்றுபோன கேள்வியை முழுசாகக் கேட்டாள்.

"நான் போகட்டுமா, இருக்கட்டுமா? நீங்க எங்கூட வருவீங்களா? நாளைக்குப் பதில் சொல்லணும்."

அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. அக்கா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தாள்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நான் கேட்டது கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு."

அதற்கு மேல் வரவில்லை. அவருடைய ஆபீஸ் படியில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு இறங்கிப்போகிற சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனிதர், ஏதாவது ஒன்று. பஸ் பாலத்தைத் தாண்டி வளாகத்து வளைவில் திரும்பியது. இத்தனை வருஷமும் பழியைப் போட ஒரு பாலம் இருந்தது. அதையும் அவரே கையோடு சரிசெய்து கொடுத்துவிட்டார்.

"சரி, வைக்கறேன்" என்றாள் அக்கா. வைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் பேட்டரிப் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிறுத்தம் வருவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குச் செய்தி அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஷிப்டுக்குப் போகிற வழியில் மாமா கடைக்கு வந்தார். அக்கா ரயில் டிக்கெட் எடுத்தது அவருக்குத் தெரியும், காலையில் மேஜைமேல்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து என் கண்ணாடி மேஜைமேல் திறந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நேத்து சாயங்காலம் பாலத்துல ஒரு கால்கூட கட் ஆகல மாப்ள" என்றார். "இங்க பாரு."

"பாத்தேன் மாமா" என்றேன். "அக்கா பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."