கட்டைவிரல் கேட்காத மூடி

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்கு மூடிக்காரர் என்று பேர். கேலிக்கு வைத்ததுதான், ஆனால் மனுஷனுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பிளாஸ்டிக் கம்பெனியில் மூடி வரைவது அவர் வேலை. எண்ணெய் பாட்டில், மாத்திரை டப்பா, எதைப் பார்த்தாலும் முதலில் மூடியைத்தான் பார்ப்பார். கல்யாணமான புதிதில் ஒருநாள் என் கையைப் பிடித்து விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில், பெண்கள் விரல் நுழைய மூடியில் எவ்வளவு பெரிய வளையம் வேண்டும் என்று அளவு பார்த்தாராம்! அன்றைக்கே என் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர் வரைந்ததிலேயே பேர் வாங்கித் தந்தது பெயிண்ட் பக்கெட் மூடியின் அடைப்பு. பெரிய பக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். மூடியின் நடுவில் ஒரு துளை, அதில் அழுத்திப் பொருத்திய வட்டமான அடைப்பு. கடையில் அதைத் திறந்துதான் கலர் ஊற்றுவார்கள். பெயிண்டரும் முழு மூடியைக் கழற்றாமல் அதன் வழியாகவே வேண்டியதை ஊற்றிக்கொள்வார். இவர் போட்ட அடைப்பு, லாரியிலிருந்து பக்கெட் தலைகுப்புற விழுந்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது. கம்பெனியில் கைதட்டினார்களாம்.

ஒழுகாது, சரி. திறக்க வேண்டாமா?

என் தம்பி பெயிண்டர். ஒரு அறையை ஒற்றை ஆளாக எடுத்து, ஒற்றை ஆளாக முடித்துக் கொடுப்பதுதான் அவனுக்குப் பிடிக்கும். பாட்டுப் பாடிக்கொண்டே அடிப்பான், குரல் சகிக்காது, சுவர் கண்ணாடியாக இருக்கும். ஒருநாள் அதே அடைப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பும்போது அது வழுக்கி, இடது கையின் கட்டைவிரல் அடியில் குத்திவிட்டது. நரம்பு போய்விட்டது. தையல் போட்டார்கள், புண் ஆறியது, விரலில் பலம் மட்டும் திரும்பி வரவில்லை. பிரஷ் பிடிக்கிற வலது கை தப்பித்தது என்று நாங்கள் ஆறுதல் பட்டுக்கொண்டோம். ஆனால் அந்த அடைப்புக்கு ஒரு கையால் நெம்பி, மறு கையின் கட்டைவிரலால் பிடித்து இழுக்க வேண்டும். சுவர் அடிக்கத் தெரிந்தவனுக்கு மூடி திறக்க முடியவில்லை.

“மூடி தொறக்கவே இன்னொரு ஆள் வேணும்னா எப்படிப்பா?” என்று மேஸ்திரி ஒற்றை ஆள் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார். வேலை நடக்கிற வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்ல இவனுக்குக் கூச்சம். “வாட்ச்மேன் வேலை ஒண்ணு இருக்குக்கா, போயிடட்டுமா?” என்று என்னிடம் கேட்டான்.

அவன் போன பிறகு இவர், “அது நான் போட்ட அடைப்பு” என்றார். அவ்வளவுதான். தம்பியோ ஒருநாளும் குறை சொன்னதில்லை. “ஸ்க்ரூ டிரைவர் வழுக்கினதுக்கு நீங்க என்ன மாமா பண்ணுவீங்க?” என்பான். அதுதான் இவரை இன்னும் அரித்தது.

அன்றிலிருந்து எங்கள் வீடு வீடாக இல்லை. அடைப்பை லேசாகத் தளர்த்துவார், பக்கெட்டில் பழைய பச்சைப் பெயிண்ட் கலந்த தண்ணீரை நிரப்புவார், மாடிப்படியிலிருந்து தலைகீழாகப் போடுவார். தளர்ந்த அடைப்பு தெறித்து ஓடும். நான் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைப் போர்வை முழுக்கப் பச்சை!

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உங்களுக்கு?”

“ஒழுகிடுச்சு பாரேன்” என்றார் கவலையோடு. போர்வை அவர் கண்ணிலேயே படவில்லை.

இறுக்கினால் திறக்காது, தளர்த்தினால் ஒழுகும். மாதக்கணக்கில் இதே பாடு. கடைசியில், விரலை விட்டு இழுக்க ஒரு மெல்லிய வளையம் வைத்து ஒன்று செய்தார். படியிலிருந்து போட்டும் ஒழுகவில்லை. சாம்பிளைத் தம்பி கையில் கொடுத்து அனுப்பினார்.

சாயங்காலம் அவன் வந்து, “சூப்பர் மாமா! வெண்ணெய் மாதிரி வருது” என்றான். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்த வாரமே இரும்பில் அச்சு வெட்டக் கொடுத்துவிடலாம் என்றார். அச்சு வெட்டிவிட்டால் அப்புறம் லேசில் மாற்ற முடியாது.

சாப்பாடு போடும்போதுதான் கவனித்தேன். தம்பியின் உதடு வீங்கியிருந்தது. முன்பல் ஓரத்தில் நீலமாக ஏதோ.

“பல்லுல என்னடா பெயிண்ட்டு?”

அவன் வாயை மூடிக்கொண்டான்.

“அடப்பாவி! பல்லாலயா கடிச்சுத் தொறந்த?”

“கத்தாதக்கா. வளையத்த இழுக்கறப்ப மூடிய அழுத்திப் பிடிக்க இந்தக் கட்டைவிரலுக்குப் பலம் இல்ல. மாமா மூஞ்சியப் பாத்தியா? அவர்கிட்ட எப்படி முடியலன்னு சொல்றது?”

இவர் பின்னாலேயே நின்றிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன். “எனக்காக நீ பொய் சொன்னா, நாளைக்கு இன்னொருத்தன் கையில குத்திக்குவான்டா! நான் சந்தோஷப்படறதுக்கா இத செய்யறேன்?”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் பொய்யும் பிரியத்தில் வந்தது, இவர் கோபமும் பிரியத்தில் வந்தது. நடுவில் நான் யாரைத் திட்டுவது?

மறுநாள் இவர் லீவு போட்டுவிட்டுத் தம்பி கூடவே போனார். அவன் வேலை செய்யும் அறையில் ஒரு காலி பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அவன் பிரஷ்ஷக் கீழ வைக்கவே மாட்டேங்கறாம்மா. முதுகு சொறியறதும் அதால, ஈ ஓட்டறதும் அதால, ‘அங்க பாருங்க மாமா’ன்னு காட்டறதும் அதாலதான். நான் எதுக்கு இவ்வளவு நாளா அவன் கட்டைவிரலையே பாத்துட்டு இருந்தேன்?”

அன்றைக்கே வரைந்தார். அடைப்பின் மேல் பாலம் மாதிரி ஒரு சின்ன வளைவு. பக்கெட் மேல் பக்கெட் அடுக்கினாலும் இடிக்காதபடி குழிக்குள் பதிந்திருக்கும். பிரஷ் கைப்பிடியை அதற்குள் நுழைத்தால் நுனி அந்தப் பக்கம் மூடியில் ஊன்றிக்கொள்ளும். பிரஷ்ஷை மேலே தூக்கினால் அடைப்பு ‘டப்’பென்று வந்துவிடும். ஒரு கை போதும், கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. தளர்த்தவும் வேண்டியதில்லை, பழைய இறுக்கம் அப்படியே இருக்கலாம். படியிலிருந்து போடும்போது நான் முன்ஜாக்கிரதையாகத் துணிகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பெயிண்ட் கம்பெனி அதிகாரி ஒருவர், “பக்கத்துல பிரஷ் இல்லன்னா?” என்று கேட்டாராம்.

“பிரஷ் இல்லாதவன் பெயிண்ட்டத் தொறந்து என்ன சார் பண்ணப் போறான்?” என்றிருக்கிறார் இவர். அதிகாரி சிரித்துவிட்டார். கடைக்காரர் பேனாவை நுழைத்தாலும் திறக்கும் என்று செய்து காட்டினாராம். ஒப்புக்கொண்டார்கள்.

புது மூடி போட்ட பக்கெட்டுகள் கடைக்கு வந்ததும் இரண்டு வாங்கி வந்தார். எங்கள் முன்னறைக்கு அடிக்கத் தம்பியைக் கூப்பிட்டோம். மூடி புதுசு என்று மட்டும் அவனுக்குத் தெரியும், எப்படித் திறப்பது என்று இவர் சொல்லித்தரவில்லை.

“எப்படி இருக்குன்னு அவன்கிட்ட கேக்காத. கேட்டா பொய் சொல்லுவான்” என்று என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டார். தம்பி முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டான். நாங்கள் இரண்டு பேரும் அடுப்புப் பக்கத்தில் திருடர்கள் மாதிரி நின்றோம். பக்கெட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

“அக்கா!”

விரல் போன பிறகு, எங்கள் வீட்டில் எந்த மூடியைத் திறக்கவும் இப்படித்தான் என்னைக் கூப்பிடுவான். இவர் முகம் செத்துவிட்டது. நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன்.

இரண்டு பக்கெட்டும் திறந்து கிடந்தன. பாதிச் சுவர் அடித்தாகிவிட்டது. பிரஷ்ஷாலேயே என்னைச் சுட்டிக்காட்டி, “ஒருத்தன் வந்து எவ்வளவு நேரமாச்சு? டீ குடுப்பியா மாட்டியா?” என்றான்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. இவர் என்னைத் தாண்டி உள்ளே போய்க் குனிந்து, திறந்து கிடந்த அடைப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் தடம் இல்லை, வளைவுக்குள் பிரஷ் கைப்பிடி உரசிய கோடுதான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்த ஓரம் இன்னும் கொஞ்சம் வழவழன்னு இருக்கணும்” என்றார்.

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பி, சகிக்காத அந்தக் குரலில் பாட ஆரம்பித்தான். நான் டீ வைக்கப் போனேன்.