வளராத அயிரை

நொய்யலில் நான் மீனைப் பார்த்ததில்லை. மங்கலத்தில் வளர்ந்த எனக்கு ஆறு என்றால் சாயத்தண்ணீர்தான். பனியன் துணியை அன்றைக்கு எந்த நிறத்தில் முக்கினார்களோ அந்த நிறத்தில் ஓடும். கணவர் இறந்தபின் திருப்பூரில் கம்பெனி வேலைக்கு வந்து, தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தியோடு ஒரே அறையில் தங்கினேன். அவள் ஒருமுறை ஊரிலிருந்து பாட்டிலில் அயிரை மீன் ஒன்றைக் கொண்டுவந்தாள். சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. குஞ்சு என்றே நினைத்தேன்.

கல்யாணமாகி அவள் போய்விட்டாள். "உங்களுக்குத் தொணைக்கு இருக்கட்டும்க்கா" என்று மீனை விட்டுப்போனாள்.

போர் தண்ணீர் உப்பு. அதனால் குடிக்கப் பிடித்துவைத்த நல்ல தண்ணீரையே சட்டியில் ஊற்றினேன். சிறிசாக ஆற்றில் விட்டால் பெரிய மீன் விழுங்கிவிடும், வளர்ந்ததும் பவானி ஆற்றில் விடலாம் என்று காத்திருந்தேன். வேலை முடிந்து வந்ததும் சட்டிக்குள் விரலை வைத்து அளப்பேன். "ஏஞ் சாமி, போடற சோறெல்லாம் எங்கதான் போகுது?" என்று திட்டுவேன். அந்த அறையில் நான் வாய்திறந்து பேசியது அதனிடம் மட்டும்தான்.

ஒரு பொங்கலுக்கு அவள் போன் செய்தாள்.

"அயிரை இன்னுமா இருக்கு?"

"இருக்குது கண்ணு. வளரத்தான் மாட்டீங்குது."

விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, அயிரை அம்புட்டுத்தான் வளரும். நான் கொண்டாந்தப்பவே அது பெரிய மீனு. ரெண்டு மூணு வருசம் உசுரோட இருந்தாலே அதிகம். இப்ப அது கெழவி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டத்தோடு மணலில் கிடக்கவேண்டிய உயிர் ஒற்றையில் கிழடாகிவிட்டது. ஆற்றில் விடுவதற்குள் செத்துப்போகுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஷிப்மென்ட் வேலை. சூப்பர்வைசரிடம், "ஒடம்புக்கு முடியலீங்க" என்று சொல்லிவிட்டு சத்தியமங்கலம் பஸ் ஏறினேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் மடியிலிருந்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். உயிரோடுதான் இருந்தது.

அங்கே பவானி ஆற்றோரம் முழங்கால் தண்ணீரில் நின்று பாட்டிலைச் சாய்த்தேன். காலடியில் அயிரைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. என் மீன் நேராக அந்தக் கூட்டத்துக்குள் போனது. குனிந்து தேடினேன். எல்லாம் ஒரே நீளம். எது என்னுடையது என்று தெரியவில்லை.

பொல்லாத கோபம் வந்தது. இத்தனை நாள் சோறு போட்டவளுக்காக அது ஒரு நொடி நின்றுவிட்டுப் போனால் என்ன? பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. திருப்பூர் பஸ் வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.