செல்வி மில் மோட்டாரை நிறுத்திய டப்பா

இது நடக்கும் என்று நேற்றே சொன்னேன். யார் கேட்டார்கள்?

இன்று வரதராஜன்பேட்டை மாவு மில்லுக்கு மிளகாய் அரைக்கப் போனேன். மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. சுவரில் உள்ள ஓவர்லோடு ரிலே, அதாவது மோட்டாரைத் தானாக நிறுத்தும் கையகல டப்பா, சிவப்பு விளக்கு காட்டியது.

மில் நடத்தும் செல்வி, ரிலேயின் கரண்ட் அளவுத் திருகைக் கூட்டி வைத்து, மோட்டார் நிற்காதபடி ஓட்டப் போனாள். பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"தொடாத தங்கச்சி! மோட்டாரு வெந்துடும்!"

"நல்லவேளைண்ணே. போன தடவ மோட்டாரு காயிலு கருகி மில்லே பூட்டிக் கெடந்துச்சு."

எலக்ட்ரீசியன் வந்து பெல்ட்டைக் கழற்றினார். அரவை மெஷினில் பேரிங் இறுகிப்போயிருந்தது.

"மோட்டார் திணறி கரண்ட்ட கூட இழுத்துருக்கு. அதான் ரிலே நிறுத்திடுச்சு. திருகிருந்தீங்கன்னா இந்நேரம் பொகஞ்சிருக்கும்."

துபாயில் கப்பல் மோட்டாருக்கே காது வைத்து நோய் சொன்னவன் நான். எனக்கே புரியவில்லை. கண் காது இல்லாத டப்பாவுக்கு மோட்டார் திணறுவது எப்படித் தெரிகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்வியும் இதைப் படிப்பாள் என்பதால் ஒரு சின்னத் திருத்தம். திருகப் போனது என் கை. அதைத் தட்டிவிட்டது செல்வி. மற்றபடி எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது.