இறுக்கிக் கட்டச் சொன்னது நான்தான்

எங்கள் பக்கத்தில் யாரிடமும் படகு கிடையாது. பத்து மாதம் ஆடு மேயும் கண்மாயில் படகுக்கு என்ன வேலை? ஆனாலும் அறுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகையில் நானும் என் மச்சினனும் சேர்ந்து ஒரு படகைக் கட்டினோம். அதை முழுக்க என் கிறுக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்குச் சிவகாசியில் ஒரு லித்தோ பிரஸ்ஸில் வேலை. மாதிரிக்கு வந்திருந்த வெளிநாட்டுக் காலண்டரில் ஒரே தாளில் ஆறு சின்னப் படங்கள் இருந்தன. பனி நாட்டுக்காரன் ஒருவன் ஒல்லியான தோல் படகுக்குள் இடுப்புவரை நுழைந்து உட்கார்ந்திருக்கிறான். படகு தலைகீழாகக் கவிழ்கிறது. அவன் அதை விட்டு வெளியே வராமல், துடுப்பை வீசி மறுபக்கமாகச் சுழன்று எழுந்து சிரிக்கிறான். அதற்குக் கயாக் என்று பெயர் என்பதெல்லாம் ரொம்பப் பிற்பாடு தெரிந்த சங்கதி. அன்றைக்கு எனக்குத் தோன்றியது, இதை நானும் செய்துவிட வேண்டும் என்பதுதான். சிலருக்குச் சீட்டாட்டம் மாதிரி எனக்கு அது பிடித்துக்கொண்டது.

மச்சினன் என் மனைவியின் தம்பி. விஸ்வநத்தத்தில் ஒரு வெடிக் கம்பெனியில் குண்டு வெடிகளுக்குச் சணல் சுற்றுகிற வேலை. தீபாவளி சீசன் முடிந்து சும்மா இருந்தான், கூப்பிட்டவுடன் வந்தான். மூங்கிலைப் பிளந்து கூடு கட்டினோம். மேலே தார்ப்பாய் போர்த்தி, தீப்பெட்டிக் கம்பெனியில் வாங்கிய மெழுகை உருக்கிப் பூசினோம். நான் உட்காரும் ஓட்டையில் தண்ணீர் புகாமல் இருக்க, தார்ப்பாயிலேயே ஒரு பாவாடை. அதன் கீழ் விளிம்பைப் படகோடு தைத்துவிட்டோம். மேல் விளிம்பை என் இடுப்பைச் சுற்றிச் சணலால் கட்ட வேண்டும்.

ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் கண்மாய் அந்த வருடம் நிரம்பியிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓரத் தண்ணீரில் பழகினேன். கவிழ்வது சுலபமாக வந்தது. எழும்பத்தான் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் இடுப்புக்கட்டு நழுவி நான் வெளியே வந்து விழுவேன், படகு தண்ணீர் குடித்துவிடும். அதை இழுத்துக் கவிழ்த்து இறைக்க அரை மணி நேரம் ஆகும். என் கோபம்தான் ஊருக்கே தெரியுமே.

நான்காவது ஞாயிறு கீழ்க்காற்று ஓங்கி அடித்தது. கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. அலை கரைக் கல்லில் மோதித் தெறித்தது. வேண்டாம் என்று அவன் முனகினான்.

"தண்ணி கெடக்க கெடையப் பாருங்க அத்தான். அடுத்த வாரம் பாத்துக்கிடுவோம்."

"ஒனக்கு ஒரு கட்டு ஒழுங்காக் கட்டத் தெரியலே. இதுல எனக்குப் புத்தி சொல்ல வந்துட்ட. இறுக்கிக் கட்டுலே!"

நாள் முழுக்கக் கட்டுவதே பிழைப்பாக இருக்கிறவனிடம் அப்படிச் சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. என் முதுகுப்பக்கம் போய், வெடிக்குச் சுற்றுகிற மாதிரி சணலைச் சுற்றி முடிச்சுப் போட்டான். மூச்சு விடவே இடுப்பு வலித்தது.

பத்துத் துடுப்பு போட்டிருக்க மாட்டேன். பக்கவாட்டில் வந்த அலை என்னைக் கேட்காமலேயே கவிழ்த்துவிட்டது.

உள்ளே ஒரே செம்மண் கலங்கல். கண்ணைத் திறந்தாலும் இருட்டு. துடுப்பை வீசினேன், பாதி எழுந்து மறுபடி விழுந்தேன். இரண்டாவது தடவை வாய் வெளியே வந்தது, இழுத்த காற்றோடு தண்ணீரும் உள்ளே போயிற்று. சரி, வெளியேறிவிடுவோம் என்று முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோனேன். நனைந்த சணல் ஊறிக் கல்லாகியிருந்தது. நகத்துக்குக்கூட முடிச்சு இடம் கொடுக்கவில்லை. வெடிக்குப் போடுகிற கட்டை யாரும் அவிழ்ப்பதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. செத்தேன் என்றே நினைத்தேன். மனைவி ஞாபகம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

அந்தப் பயத்தில் எப்படியோ காலண்டரின் ஐந்தாவது படம் கண்முன் வந்தது. அதில் படகு பாதிக்கு மேல் நிமிர்ந்துவிட்டது, அவன் தலை மட்டும் இன்னும் தண்ணீருக்குள். நானோ ஒவ்வொரு தடவையும் மூச்சுக்காகத் தலையைத்தான் முதலில் தூக்கியிருக்கிறேன். மூச்சு முட்டுகிறவன் தலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தைத் தோளோடு ஒட்டவைத்து, துடுப்பை வீசி, இடுப்பை வெடுக்கென்று திருப்பினேன். படகு நிமிர்ந்தது. கடைசியாகத் தலை வந்தது.

காற்றே என்னைக் கரைக்குத் தள்ளியது. மச்சினன் படகு மூக்கைப் பிடித்து இழுத்தான். முடிச்சை அவனாலேயே அவிழ்க்க முடியவில்லை. குனிந்து பல்லால் கடித்துக் கடித்து அறுத்தான், ஈறில் ரத்தம் வந்தது. நான் வெளியே வந்ததும் செய்த முதல் காரியம், அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை.

"என்னையக் கொல்லப் பாத்தியாலே?"

அவன் இருமினான். வாயிலிருந்து செம்மண் தண்ணீர் வந்தது. அப்புறம்தான் நான் அவனைப் பார்த்தேன். தலைமுடியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது, காதுக்குள் சேறு. அன்றைக்கு மழையே இல்லை. கரையிலிருந்து நாலு எட்டு வைத்தால் வயலுக்குக் கரம்பை மண் அள்ளிய பள்ளம், இரண்டாள் ஆழம். இவனுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரத்தில் கிளை ஒன்று ஒடிந்து தொங்கியது, அதைப் பிடித்துத்தான் ஏறியிருக்கிறான்.

"நீ எதுக்குலே உள்ள எறங்குன?" என்றேன்.

"நாந்தான கட்டுனேன் அத்தான். நாந்தான வந்து அவுக்கணும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்பைப் பொறுக்கப் போனேன். இறுக்கிக் கட்டச் சொன்னது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன. அந்தத் தடத்தோடு அவன் எனக்கு முன்னால், படகைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.