தனி அறை கிடைத்த அக்கா

கைபேசியைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போட்டு மூடியைச் சாத்துவாள் என் அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வேலையைத் தொடங்கும் முறை இதுதான். அலமாரியில் வைத்தால் கை தானாகப் போய் எடுத்துவிடுகிறதாம். படுக்கையறையில் வைத்தாலோ, வைக்கப் போன இடத்தில் போர்வையை மடிக்க ஆரம்பித்து, அங்கிருந்து ஜன்னலைத் துடைத்து, அங்கிருந்து எங்கேயோ போய்விடுகிறாளாம். ஒருமுறை மாமா, அதாவது அக்காவின் கணவர், உள்ளே பார்க்காமல் படுக்கை விரிப்புகளைத் திணித்துச் சோப்புத் தூளையும் கொட்டிவிட்டார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டு அக்கா ஓடிய ஓட்டத்தை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

பிறகு சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவள், எதிர்ப்பக்கம் நான். அவள் முன்னால் ஐந்து பக்கப் படிவம். என் முன்னால் என் பிழைப்பு: ஒரு வாரப் பத்திரிகையில் வீட்டுக் குறிப்புக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். வெள்ளைச் சட்டையில் மை கொட்டினால் என்ன செய்வது, கதவு கிறீச்சிட்டால் என்ன தடவுவது, இப்படி. அவள் தாளை நான் எட்டிப் பார்க்கக் கூடாது. "முடிஞ்சுதா" என்று கேட்கக் கூடாது. சொல்லாமல் எழுந்து போகவும் கூடாது. முதல் ஞாயிறு இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் மாமாதான். ஒரு மணி நேரத்தில் பதவி பறிபோயிற்று. பாவம், தங்கமான மனிதர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நீட்டி, "பரவால்லயே, ரெண்டு பக்கம் ஆயிடுச்சே" என்று பாராட்டுவார். அந்தப் பாராட்டோடு அக்காவின் பேனா நின்றுவிடும்.

அக்காவுக்கு லிஃப்ட் பரிசோதிக்கும் வேலை. கட்டடம் கட்டடமாகப் போய், அங்குள்ள லிஃப்ட் ஆட்களை ஏற்றத் தகுதியானதுதானா என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அரசாங்க உத்தியோகம். நாற்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, சட்டைக் கைகளில் எந்நேரமும் கிரீஸ் கறை. அந்தக் கறையை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்கிற என்னிடம் அவள் மட்டும் கேட்டதே இல்லை.

ஒருநாள் அவளோடு போய்ப் பார்த்தேன். டார்ச்சும் கையுமாக லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, இருட்டுக்குள் மேலும் கீழும் நாலு மணி நேரம் போய் வந்தாள். இடையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கூட இருந்த மெக்கானிக்கிடம், "ரெண்டாவது மாடி தாண்டறப்ப ஒரு இருமல் வருது, கேக்குதா?" என்றாள். அவருக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. கழற்றிப் பார்த்தால் ஓர் உருளையின் மறை தளர்ந்து கிடந்தது. அடேயப்பா, இவளா நம் வீட்டில் பால் பொங்கி வழிவதை நின்று வேடிக்கை பார்க்கிறவள் என்றிருந்தது எனக்கு.

வீட்டில் அவள் கதையே வேறு. கூடத்துச் சுவரில் பாதி வரைக்கும் நீலம், மீதி பழைய மஞ்சள். மூன்று வருடமாக அப்படித்தான் இருக்கிறது. சாவியைத் தேடப் போய் மூக்குக் கண்ணாடியைத் தொலைப்பாள். சின்ன வயதில் வீட்டுப்பாடக் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அவளைச் சோம்பேறி என்று முதலில் கூப்பிட்டது யார் என்று நினைவில்லை. விடாமல் முப்பது வருடம் கூப்பிட்டது நான்தான்.

ஆனால் அலுவலகத்தில் பதினாறு வருடம் அவள் அறிக்கை ஒன்றுகூடத் தாமதமானதில்லை. பெரிய கூடம், பன்னிரண்டு மேசை, நடுவில் அவளுடையது. பக்கத்து மேசையில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா. காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை தட்டிக்கொண்டே இருப்பார். இடி விழுந்தாலும் நிமிர மாட்டார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தள்ளுவாள். இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கே தோன்றவில்லை.

போன வருடம் பதவி உயர்வு வந்தது. கூடவே தனி அறை. கதவு, ஜன்னல், திரைச்சீலை, சுழலும் நாற்காலி. குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். மாமா அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினார். இனி உனக்கென்ன, தொந்தரவே இல்லாமல் வேலை பார்க்கலாம் என்று நானும் வாயை வைத்தேன்.

அந்த அறைக்குள் அவளால் ஒரு வரி எழுத முடியவில்லை. கதவைச் சாத்தியதும் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டினாள். கோப்புகளை நிறவாரியாக அடுக்கினாள், அப்புறம் உயரவாரியாக. படிவத்தின் தலையில் தேதி எழுதுவாள்; மறுநாள் அதை அடித்துவிட்டு அன்றைய தேதியை எழுதுவாள். "கதவைச் சாத்தினா மூளையும் வெளியிலயே நின்னுடுதுடா" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. தனி அறை கொடுத்தால் வேலை ஓடவில்லை என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அந்த நாட்களில்தான் ஒரு கண் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆறு மாடி. பிரேக் தேய்ந்துபோயிருந்தது. ஓட்டாதீர்கள் என்று நிர்வாகியிடம் வாயால் சொன்னாள். எழுத்தில் உத்தரவு வரும் என்று அவரும் இரண்டு நாள் நிறுத்திவைத்தார். வரவில்லை, திரும்ப ஓட்டினார். பதினோரு நாள் கழித்து அந்த வழியாகப் போன அக்கா உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு கண்ணில் கட்டுப் போட்ட ஒருவரை அவர் மகள் கைபிடித்து லிஃப்டுக்குள் கூட்டிப் போக, கதவு மூடியிருக்கிறது. படியேறி ஓடி, அவர்கள் இறங்கும்வரை காத்திருந்து, மோட்டார் அறையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து எனக்குப் போன் செய்தாள்.

"அவங்க மேல தப்பில்லடா. எழுத வேண்டியவ நான். எழுதல." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். அவள் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேலதிகாரிக்கு விஷயம் போயிற்று. கண்டிப்பானவர், அவர் நடந்து வந்தால் கூடமே முதுகை நிமிர்த்தும். நிலுவையில் உள்ள இருபத்தாறு அறிக்கைகளும் அடுத்த மாதக் கடைசிக்குள் வர வேண்டும். அதற்கப்புறம் ஒரே ஒரு அறிக்கை தாமதமானாலும் வெளிவேலையைப் பறித்து ஆவண அறைக்கு அனுப்பிவிடுவேன் என்று கடிதம் கொடுத்தார். ஆவண அறை என்றால் காலையிலிருந்து மாலை வரை கோப்பு அடுக்குவது. லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான் லிஃப்டோடு சம்பந்தம். அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மாமாதான் அவளை டாக்டரிடம் கூட்டிப் போனார். துணைக்கு நானும் போனேன். இரண்டு மூன்று தடவை வரச்சொல்லி, சின்ன வயதுக் கதையிலிருந்து எல்லாம் கேட்டுவிட்டு, ஏ.டி.எச்.டி. என்றார் டாக்டரம்மா. கவனமே இல்லாத நோய் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். இல்லை, கவனம் நிறைய இருக்கிறது, அதை வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம் என்று விளக்கினார். மாத்திரை எழுதினார். பிறகு, இத்தனை வருடம் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டார்.

"பக்கத்துல டைப்பிஸ்ட் அம்மா இருந்தாங்க" என்றாள் அக்கா.

டாக்டர் சிரிக்கவில்லை. நிறையப் பேருக்கு அப்படித்தான், உதவி செய்ய வேண்டாம், பேச வேண்டாம், கூட ஒருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தாலே போதும் என்றார். ஆட்டோவில் திரும்பும்போது அக்கா ஜன்னலில்லாத பக்கவாட்டையே பார்த்தபடி, "நாப்பத்தஞ்சு வயசுல வந்து சொல்றாங்க பாரு" என்றாள். முப்பது வருடத்துச் சோம்பேறிப் பட்டத்தை எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை. ஞாயிறு நான் வந்து உட்காரட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

முதலில் மாமாவை வைத்தே பார்க்கலாம் என்றாள் அக்கா. அவர் பதவி இழந்த அன்றே நான் உட்கார்ந்தேன். மாலைக்குள் ஏழு அறிக்கைகள். எனக்கே நம்ப முடியவில்லை. மறு ஞாயிறு எட்டு. மூன்றாவது ஞாயிறு வந்தது வினை. அந்த வாரப் பதில்களை நான் முன்கூட்டியே அனுப்பிவிட்டிருந்தேன். வேலை இல்லை. சும்மா உட்கார்ந்தால் அவளுக்குத் தெரியவா போகிறது என்று, மடிக்கணினியைத் திறந்து வாய்க்கு வந்ததையெல்லாம் தட்டினேன். கால் மணி நேரம் போயிருக்கும். அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

"நீ எழுதல. நடிக்கிற."

எப்படித்தான் கண்டுபிடித்தாளோ. யோசிக்கிறவன் நடுநடுவே நிறுத்துவானாம், நான் நிறுத்தாமல் தட்டினேனாம். இரண்டாவது மாடி இருமலைக் கேட்ட காதாயிற்றே. எனக்குக் கோபம் வந்துவிட்டது. லீவு நாளைத் தியாகம் செய்து வந்து உட்கார்ந்தால் இதற்கும் குற்றமா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "நீ என்ன வேணா பண்ணு. கிழிஞ்ச சட்டைய தை. ஆனா நெசமா பண்ணு. நீ பொய்யா இருந்தா நான் தனியா இருக்கற மாதிரி ஆயிடுது." அன்று முழுக்க அவள் வீட்டுச் சமையலறைக் கத்திகளையும் கத்தரிக்கோல்களையும் சாணை பிடித்தேன். ஆறு அறிக்கைகள் முடிந்தன.

நாலாவது ஞாயிறு மீதி ஐந்தையும் முடித்தாள். மறுநாள் காலை இருபத்தாறையும் மேலதிகாரி மேசையில் வைத்தாள். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, சரி என்றாராம். மாமா லட்டு வாங்கி வரக் கிளம்பினார், நான்தான் தடுத்தேன். வாராவாரம் புதிதாக நாலைந்து லிஃப்ட் பார்க்கிறாள். எல்லாம் ஞாயிறு வரை காத்திருக்குமா? கூடத்துக்கே திரும்பிவிடு, உள்ளதைச் சொல் என்றேன். அவளுக்கு மனசு வரவில்லை. பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே. மாமாவுக்கும் அந்த அறைமேல் ஒரு பெருமை இருந்தது. பேச்சு அப்படியே நின்றுபோயிற்று.

போன புதன்கிழமை பிற்பகல் அவள் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் மறந்துவைத்த மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கத்தான். அக்கா வெளியிலிருந்து அப்போதுதான் வந்தாள், முழங்கை வரை கிரீஸ். ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்டைத் தூக்கும் கம்பி வடம் இழை இழையாக விட்டுக்கொண்டிருக்கிறதாம். குடியிருப்போர் சங்கச் செயலாளர், எழுத்தில் வரட்டும், அதுவரைக்கும் வயசானவர்களை மாடிப்படி ஏறச் சொல்ல முடியாது என்றுவிட்டாராம். சொல்லிக்கொண்டே தன் அறை வரை வந்தவள் வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை. அந்தச் சுழல் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பிடிடா அந்தப் பக்கம்" என்றாள்.

மேசையின் ஒரு முனையை அவள் தூக்க, மறுமுனையை நான் தூக்கினேன். நிலையில் இடித்தது, சாய்த்தோம், ஒரு கோப்பு கீழே விழுந்தது. தரையில் அது இழுபட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. யாரோ, என்ன மேடம், அறைக்கு வெள்ளை அடிக்கிறாங்களா என்று கேட்டார். அக்காவுக்குக் காது சிவந்திருந்தது. டைப்பிஸ்ட் அம்மாவின் பக்கத்தில் மேசையை இறக்கினோம். அந்த அம்மா தன் கைப்பையை மட்டும் எடுத்து மடியில் வைத்து இடம் விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்கினார். அக்கா படிவத்தை விரித்தாள். தேதியை எழுதினாள். அடுத்த வரிக்குப் போனாள்.

இரண்டு பக்கம் முடிந்திருக்கும். சத்தம் கேட்டுத் தன் அறையிலிருந்து மேலதிகாரி வந்தார். முதுகுகள் நிமிர்ந்தன. காலி அறையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், நேரே வந்து அக்காவின் முன்னால் நின்று ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அக்கா தலையைத் தூக்கவில்லை. கிரீஸ் படிந்த இடது கையை மட்டும் அவர் முகத்துக்கு நேரே உயர்த்தி, நில்லுங்கள் என்பது போல் அப்படியே பிடித்துக்கொண்டு, வலது கையால் மூன்றாம் பக்கத்தைப் புரட்டினாள்.