கறுப்படித்த பூட்ஸ்

மூன்று வருடத்துக்கு முன்னால் வேலூர் லாங் பஜாரில் நடந்தது இது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் வேலை பார்த்துவிட்டு, பஜாரில் செருப்பு, பை தைக்கும் சின்னக் கடை போட்டிருந்தேன்.

ஒரு நாள் காலை பெண்மணி ஒருவர் பழுப்பு நிற பூட்ஸ் கொண்டுவந்தார். அடி பிரிந்திருந்தது. மேலெல்லாம் கீறல். "அடி மட்டும் தைச்சிக் குடுங்கண்ணா. சாயங்காலம் காட்பாடில ரயில் ஏறணும்" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் இருந்த தன் தாயைப் பார்க்கப் போனார்.

தைத்து முடித்தும் கை சும்மா இருக்கவில்லை. தோலில் இருக்கும் தழும்பை மறைத்து அனுப்புவதுதான் கம்பெனியில் நான் பழகிய வேலை. கேட்காமலே கறுப்புச் சாயம் அடித்து, பாலீஷ் போட்டுப் பளபளவென்று வைத்தேன். பக்கத்துச் சாவிக் கடை பாய், "இன்னாப்பா, இத மாட்டினு பரேடுக்கே போலாம் போல கீதே" என்று சிரித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மதியம் வந்தவருக்குப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அய்யோ, கறுப்பா? சண்டை நடக்கிற நாட்டுக்குப் போய் பத்திரிகைக்கு எழுதறவண்ணா நான். தூரத்துல நிக்கறவனுக்கு என் மூஞ்சி தெரியாது. இந்த பூட்ஸப் பாத்தா பட்டாளத்து ஆளுன்னு சுட்டுருவான்."

"வேற புதுசு..." என்று இழுத்தேன்.

"புதுசு கால கடிக்கும். அங்க ஓட வேண்டி வரும்ணா."

சாயத்தைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். அவர் திட்டவில்லை. எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, போன நாடுகளைப் பற்றிச் சொன்னார். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஜனங்களின் காலைத்தான் பார்ப்பாராம். வெறுங்கால் என்றால் வீட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவர்கள், அவர்களிடம்தான் முதலில் பேசுவாராம். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

வெயில் சாயும்போது கறுப்பு போய், திட்டுத் திட்டாகப் பழுப்பும் பழைய கீறல்களும் வெளியே வந்தன. "ஆங், இதான் என் பூட்ஸ்" என்று அங்கேயே மாட்டிக்கொண்டு ஓடினார்.

சில மாதம் கழித்து, டீக்கடையில் கிடந்த வாரப் பத்திரிகையில் ஒரு போட்டோவில் அந்த பூட்ஸைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன், அவரேதான். ஐந்தாவது வரை படித்தவன் நான், எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஒரு சோதனைச் சாவடியில் சிப்பாய் துப்பாக்கியை நீட்டியபடி அவர் காலையே பார்த்தான், பிறகு துப்பாக்கியைத் தாழ்த்தினான் என்று எழுதியிருந்தார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

இப்போதெல்லாம் சாயப் புட்டியைத் திறக்கும் முன், "கலர் போடணுமா, வேணாமா?" என்று கேட்டுவிடுகிறேன். அதிகம் பேசாத நான், வருகிற எல்லோரிடமும் தவறாமல் வாய் திறந்து கேட்பது அது ஒன்றுதான்.