வாதியும் பிரதிவாதியும் ஒரே வண்டியில்

அமெரிக்காவில் டோலிவர் கவுண்டி என்ற விவசாய மாவட்டத்தில் ஒருவன் பத்து விரலோடு செத்தால், வேலை செய்யாத ஆள் போலிருக்கிறது என்று சவ அடக்கத்திலேயே பேசிக்கொள்வார்கள். அந்த வகையில் ஆர்லோ வோன்ட்ராவின் பெயருக்கு எந்தக் களங்கமும் கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்த வருஷமே சோளம் பறிக்கும் இயந்திரம் அவருடைய இடது சுண்டுவிரலை வாங்கிக்கொண்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆண் பன்றி ஒன்று கெண்டைக்காலைக் கடித்துவைத்தது. நொண்டிக்கொண்டே போய்த்தான் லவோனைக் கைப்பிடித்தார். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் காதல் தலைக்கேறிய மான்கள் நெடுஞ்சாலைக்கு ஓடிவந்து அவருடைய பிக்கப் வண்டிகளை ஒவ்வொன்றாக ஒழித்துக்கட்டின. ஒரு மார்ச் மாதம் உறைந்த குளத்தின்மேல் பனிவண்டி ஓட்டி, குளம் சரியாக உறையவில்லை என்பதை ஊருக்குக் கண்டுபிடித்துச் சொன்னவரும் அவர்தான்.

இத்தனைக்கும் அவர் யார் மேலும் வழக்குப் போட்டதில்லை. பன்றி மேல் எப்படிப் போடுவது? நெடுஞ்சாலை ஓரத்தில் வக்கீல் கிரெட்சன் ஹாலரின் பெரிய விளம்பரப் பலகை இருந்தது. "அடிபட்டீர்களா?" என்று அந்த அம்மாள் அதிலிருந்து கேட்பார். "ஆமா, அதுக்கென்ன இப்போ?" என்று ஆர்லோ பதில் சொல்லிவிட்டுக் கடந்துபோவார்.

அந்த வருஷம் சோள அறுவடை முடியும் நேரம். ஆர்லோவும் பக்கத்துப் பண்ணை டெல்பர்ட் குன்ஸும் வழக்கம்போலச் சேர்ந்துதான் அறுத்தார்கள். இருவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே பரீட்சையில் தோற்றவர்கள். டெல்பர்ட் சோள லாரியைக் களஞ்சியத்துக்குப் பின்னோக்கி ஓட்டிவர, ஆர்லோ பின்னால் நின்று கைகாட்டினார். வா, வா, இன்னும் கொஞ்சம், நில். லாரி நிற்கவில்லை. களஞ்சியத்தின் தகரச் சுவருக்கும் லாரிக்கும் நடுவில் ஆர்லோவின் இடுப்பும் தொடையும் நொறுங்கின.

"வெயில் கண்ணாடில அடிச்சிருச்சுடா, தெரியலடா" என்று டெல்பர்ட் பக்கத்தில் மண்டியிட்டு அழுதார்.

"அழுவாதடா, சகிக்கல. பன்னிக்குத் தீனி வை" என்றார் ஆர்லோ. அதோடு மயங்கிப்போனார்.

ஆஸ்பத்திரி பக்கத்துக் கவுண்டியில் இருந்தது. அங்கே அவருடைய எலும்புகளை ஆணியும் தகடும் வைத்துப் பூட்டினார்கள். டெல்பர்ட் காலையில் ஆர்லோவின் பன்றிகளையும் சாயங்காலம் ஆர்லோவையும் பார்த்துக்கொண்டார். சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. இடித்த வண்டியின் இன்ஷூரன்ஸ்தான் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்ட வேண்டும், வழக்குப் போடுங்கள் என்று ஆர்லோவின் மருத்துவ இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"டெல்பர்ட் மேலயா? எனக்கு அடிபட்டது இடுப்புலதான், மண்டைல இல்ல" என்றார் ஆர்லோ.

லவோன் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். சத்தம் போடும் பையன்களை அடக்கிய குரல். "அவன் மேல இல்லய்யா. அவன் இன்ஷூரன்ஸ் மேல."

"காயிதத்துல யாரு பேரு வரும்?"

"அவன் பேருதான்."

"அப்ப அவன் மேலதானே?"

சாயங்காலம் வந்த டெல்பர்ட் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கட்டில் காலை எட்டி உதைத்தார். "போடுடா கேஸை! வருஷா வருஷம் அவனுங்களுக்குக் கட்டுறேன். ஒரு தடவையாவது அழட்டும்." சொல்லும்போது அவர் ஆர்லோவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கவுண்டியின் வாரப் பத்திரிகையில் 'வோன்ட்ரா எதிர் குன்ஸ்' என்று வந்தது. காப்பிக் கடைக்குள் ஆர்லோ ஊன்றுகோலோடு நுழைந்தால் பேச்சு நின்றது. சிநேகிதன் நிலத்தைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று காதுபடவே சொன்னார்கள். டெல்பர்ட் எழுந்து, "என் மேல கேஸ் போட்டவன் அவன். உங்களுக்கு எங்கடா எரியுது?" என்று கத்திவிட்டு, ஆர்லோவுக்கு நாற்காலியை இழுத்துப்போட்டார்.

ஆனால் ராத்தூக்கம் கெட்டது ஆர்லோவுக்குத்தான். நாம் சரியான இடத்தில்தான் நின்றோமா? கையைச் சரியாகத்தான் காட்டினோமா? தன் புத்திகெட்டதனத்துக்கு ஒரு நல்லவனைக் கூண்டில் ஏற்றுகிறோமோ என்று கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பார்.

விசாரணை நாளில் லவோனுக்குப் பஸ் ஓட்டும் வேலை இருந்தது. ஆர்லோவால் வண்டி ஓட்ட முடியாது. ஆகவே பிரதிவாதியே வந்து வாதியைத் தன் பிக்கப்பில் தூக்கி உட்காரவைத்துக் கோர்ட்டுக்கு அழைத்துப்போனார். ஆர்லோவுக்காக வாதாட வந்த கிரெட்சன் ஹாலர் வாசலில் அந்தக் காட்சியைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது நீதிபதி கேட்டார்: "பண்ணை வேலைல அடிபட்டவங்க யாராவது இருந்தா கையத் தூக்குங்க."

அறை மொத்தமும் தூக்கியது. தூக்கிய கைகளில் பல முழுசாகக்கூட இல்லை. நீதிபதி பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி, அடிபடாதவங்கன்னு தேடினா அடுத்த வருஷம் ஆயிரும்" என்று மேற்கொண்டு நடத்தினார்.

டெல்பர்ட்டின் இன்ஷூரன்ஸ் அனுப்பிய வக்கீல் பட்டணத்துக்காரர், பளபளக்கும் ஷூக்காரர். ஆர்லோ நிற்கக் கூடாத இடத்தில் நின்றார், தப்பு அவருடையதுதான் என்று நிறுவுவதே அவர் வேலை. அவர் பேசப் பேச ஆர்லோவுக்கு அதுதான் நிஜம் என்று பட்டது. டெல்பர்ட்டைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"வோன்ட்ரா உங்க கண்ணுக்குப் படாத இடத்துலதானே நின்னாரு?"

"இல்லைங்க. எப்பவும் நிக்கிற எடத்துலதான் நின்னான்."

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "வெயில் கண்ல அடிச்சிச்சுன்னு சொல்லியிருக்கீங்களே?"

டெல்பர்ட் தொப்பியைக் கையில் கசக்கினார். "கண்ணாடில வெயில் படவே இல்ல. சும்மா சொன்னது. தின்னுட்டிருந்த டோனட் கீழ விழுந்துருச்சு. குனிஞ்சு எடுத்தேன்."

ஆர்லோ ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். "டோனட்டாடா?"

"உக்காருங்க!" என்றார் நீதிபதி.

"டோனட்டுக்காடா, பாவி?"

கிரெட்சன் அவரைக் கோட்டோடு பிடித்து உட்காரவைத்தார். அதற்குமேல் நடத்த எதுவுமில்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் பட்டணத்து வக்கீல் தாழ்வாரத்தில் கேட்ட பணம் முழுவதையும் கட்டச் சம்மதித்தார். கிரெட்சன் கைகுலுக்க வந்தபோது வாதி உலகத்திலேயே பெரிய நஷ்டக்காரர் போல நின்றுகொண்டிருந்தார்.

வழக்கு நடந்த காலமெல்லாம் டெல்பர்ட் மேல் அவருக்கு ஒரு துளி கோபம் வந்ததில்லை. இப்போது வண்டி வண்டியாக வந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போக வேறு வண்டி இல்லை.

அறுத்த வயல்கள் நெடுகப் போய்க்கொண்டே இருந்தன. பாதி வழியில் ஆர்லோ கேட்டார். "என்ன டோனட்?"

"மேப்பிள் பாகு பூசினது."

"முழுசா?"

"பாதி தின்னுட்டேன்."

"எச்சில் டோனட்டுக்கா என் இடுப்பு போச்சு!"

டெல்பர்ட் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். "நீ செத்துட்டன்னே நெனச்சேன்டா. டோனட்டால செத்தான்னு லவோன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? வெயில்னு வாய்ல வந்துருச்சு. அப்புறம் மாத்தத் தெரியல."

"இத்தன மாசமா என் மேலதான் தப்புன்னு தூங்காமக் கெடந்தேன்டா, நாயே."

அது டெல்பர்ட்டுக்குத் தெரியாது. கேட்டதும் அவர் முகம் மாறிப்போனது. ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். ஆர்லோவுக்குள் ஏதோ ஒன்று இறங்கி லேசானது. தான் ஒழுங்காகத்தான் நின்றிருக்கிறோம். அந்தச் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், "வண்டிய எடு, பன்னி பசியில கெடக்கும்" என்றார்.

மிச்சக் குளிர்காலம் முழுக்க டெல்பர்ட் வந்து தீனி வைத்தார். ஆர்லோ சன்னலைத் திறந்து பன்றிகளின் பெயரையும் டெல்பர்ட்டின் பெயரையும் கலந்து திட்டினார். இடது கால் சற்றுக் குட்டையாகவே நின்றுவிட்டது. அடுத்த அறுவடையில் நடந்து வேலை செய்ய முடியாததால் அவர் லாரியில் ஏறிக்கொள்ள, பின்னால் நின்று கைகாட்டும் வேலை டெல்பர்ட்டுக்கு வந்தது.

முதல் நடையில் ஆர்லோ பின்னோக்கி எடுத்தபோது கண்ணாடியில் டெல்பர்ட்டைக் காணோம். வண்டியை நிறுத்தி எட்டிப்பார்த்தார். டெல்பர்ட் வெகுதூரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தார்.

"கிட்ட வாடா!"

"இங்கேருந்தே நல்லாத் தெரியுது. நீ பாட்டுக்கு வா!"